ரெண்டு டீமுக்கும் ஒரே ஆள் வேலை பாக்கலாமா? - வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதி ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேக்குது. ஒண்ணோட ஒண்ணு மோதுற ரெண்டு டீமுக்கு ஒரே ஆள் டிசைன், பாட்டு, வீடியோன்னு பண்ணிக் குடுக்கலாமா, குடுத்தா தப்பாகிடுமான்னு. சீசன் ஆரம்பிக்கப் போகுதுல்ல, அதான். மத்த கேள்விகளை அடுத்த இதழ்ல பாப்போம்.

கேள்வி: வணக்கம் அக்கா. நான் கோயம்புத்தூர்ல ஃப்ரீலான்ஸ் டிசைனர். எங்க பக்கம் நடக்குற ஒரு டி20 லீக்ல ஒரு டீமோட சோஷியல் மீடியா வேலை ரெண்டு சீசனா என்கிட்டதான் இருக்கு, மேட்ச் டே போஸ்டர், ஸ்கோர் கார்டு, பிளேயர் பர்த்டே, ஜெயிச்சா ஒரு மோஷன் போஸ்டர், இப்படி. சீசனுக்கு மட்டும் ஒரு தொகை பேசி வாங்கிக்கிறேன், கான்ட்ராக்ட் எல்லாம் கிடையாது, எல்லாமே வாட்ஸ்அப்தான். இப்ப அதே லீக்ல இன்னொரு டீம் ஓனர் கூப்பிட்டு லோகோ, ஜெர்சி ரெண்டையும் புதுசா பண்ணித் தரச் சொல்றார், இவங்க தர்றதை விட நல்ல காசு. பழைய டீம் மேனேஜர் அண்ணன் எனக்கு ரொம்ப நெருக்கம், ஆனா வேற டீமுக்குப் பண்ணாதேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. ஃப்ரெண்ட் ஒருத்தன், "வெளிய சொல்லாத, உன் தங்கச்சி பேர்ல பில் போட்டுப் பண்ணிக் குடுத்துடு"ன்றான். என்ன பண்ணட்டும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, தங்கச்சி பேர்ல பில் போடுற யோசனையை முதல்ல விட்டுடுங்க. ஒண்ணும் தெரியாத அந்தப் பொண்ணை இதுக்குள்ள இழுத்து விடாதீங்க, நாளைக்கு ஓனர் காசு தரலன்னா போய்க் கேக்கவும் உங்க பேர் எதுலயும் இருக்காது. அதுவும் இல்லாம இதை மறைக்கவே முடியாது. ஜெர்சி ஃபைல் திருப்பூருக்குப் போகும், அங்க துணியில டிசைன் அடிக்கிற சப்ளிமேஷன் யூனிட்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கிற பையனுக்கு ஃபைல் யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு தெரியும், அதே யூனிட்தான் உங்க பழைய டீமுக்கும் அடிச்சுக் குடுத்திருக்கும், ஒரு டீ குடிக்கிற நேரத்துல விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிடும். நீங்களா சொன்னா அது ஒரு தகவல், அந்த அண்ணன் இன்னொருத்தர் மூலமா கேள்விப்பட்டா துரோகம்.

இன்னொரு டீமுக்கு வேலை பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். நீங்க அவங்க சம்பள ஆள் கிடையாது. சீசன் முடிஞ்சதும் அவங்க உங்களுக்கு ஒரு ரூபா தரப்போறதில்ல, மிச்ச மாசமும் நீங்க வாடகை கட்டணும், சாப்பிடணும். காசு சீசனுக்கு மட்டும் குடுத்துட்டு விசுவாசத்தை மட்டும் வருஷம் பூரா எதிர்பாக்குற டீம்காரங்களைப் பாத்தா எனக்குக் கோபம்தான் வருது. நீங்க யோசிக்க வேண்டியது உங்க போன்ல என்னென்ன இருக்குன்றதைத்தான். போன சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த குரூப்ல வந்த மெசேஜையெல்லாம் ஒருதடவை மேல ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. புதுசா எடுத்த பிளேயரோட போட்டோ, "வெல்கம் போஸ்டர் ரெடி பண்ணி வை, நாங்க சொன்னப்புறம் போடு"ன்னு வந்திருக்கும். ஸ்பான்சர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டாங்க, அதுக்குள்ள அவங்க லோகோ உங்ககிட்ட இருக்கும். மேட்சுக்கு முந்தின ராத்திரி, "அந்தப் பையன் படத்தை எடுத்துட்டு இவன் படத்தைப் போடு"ன்னு ஒரே ஒரு வரி வந்திருக்கும், அதுக்கு என்ன அர்த்தம்? அவன் நாளைக்கு ஆடல, காயம். டாஸுக்கு முன்னாடியே டிசைனருக்கு பிளேயிங் லெவன் தெரியும். கிரிக்கெட்ல இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல, பெட்டிங்குக்கு உதவும்னு தெரிஞ்சே உள்தகவலை வெளிய விடுறதை ஐசிசி ஊழல் தடுப்பு விதிகள் பிளேயருக்கும் சப்போர்ட் ஸ்டாஃபுக்கும் தனிக் குற்றமாவே வச்சிருக்கு. டிசைனர் அந்த விதிக்குள்ள வராம இருக்கலாம், ஆனா அவன் கையில இருக்குறதும் அதே தகவல்தானே.

"நான்தான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேனே"ன்னு நீங்க சொல்லுவீங்க, நானும் நம்புறேன். ஆனா கேள்வி அதோட முடியல. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம் ஒண்ணு இருக்கு. சிஎஸ்கே டீமை வாங்கினது இந்தியா சிமென்ட்ஸ், அதோட நிர்வாக இயக்குநர் சீனிவாசன் அதே நேரம் பிசிசிஐ நிர்வாகி, பின்னாடி தலைவரும் ஆனார். நிர்வாகிங்க ஐபிஎல் டீம் வச்சுக்கலாம்ன்ற மாதிரி 2008ல விதியைத் திருத்தினாங்க. 2015 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் அந்தத் திருத்தத்தையே ரத்து பண்ணிடுச்சு, டீம்ல வணிக நலன் இருக்குறவங்க போர்டு தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு. இதுல நீங்க கவனிக்க வேண்டியது, மருமகன் குருநாத் மெய்யப்பனோட பெட்டிங் விஷயத்தை சீனிவாசன் மூடி மறைச்சார்ன்ற குற்றச்சாட்டு நிரூபணம் ஆகலன்னு சொன்னதும் அதே தீர்ப்புதான். அதாவது மறைச்சது நிரூபணம் ஆகலன்னாலும், ரெண்டு பக்கமும் ஒரே ஆள் உக்காந்திருக்கிறதே பிரச்சனைன்னு கோர்ட் பாத்துச்சு. உங்க விஷயம் அதுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல, ஆனா கணக்கு அதேதான். நீங்க வாயே திறக்கலன்னாலும், புது டீம் எதேச்சையா அதே ஸ்பான்சர்கிட்ட போய்ப் பேசினா, பழைய டீம் யாரைச் சந்தேகப்படும்?

சரி, என்ன பண்ணலாம். நேரா மேனேஜர் அண்ணன்கிட்ட ஓடாதீங்க, புது டீம் லோகோவை மாத்தப் போறதே ஒரு ரகசியம்தான், அதை அவங்க அனுமதி இல்லாம நீங்க வெளிய சொல்ல முடியாது. நிறைய பேர் சறுக்குறது இந்த இடத்துலதான், ஒருத்தர்கிட்ட நேர்மையா இருக்கப் போய் இன்னொருத்தர் ரகசியத்தைக் கொட்டிடுவாங்க. முதல்ல புது ஓனர்கிட்ட பேசுங்க. "சார், நான் இந்த டீமுக்கு வேலை பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட ஒரு வேலை பேசிட்டிருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அட்வான்ஸ் வாங்குவேன், என்ன வேலைன்னு சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சம்மதமா"ன்னு கேளுங்க. சரின்னா நல்லது. "அவங்களுக்கு எதுவுமே தெரியக்கூடாது"ன்னு சொன்னார்னா அந்த வேலையை எடுக்காதீங்க தம்பி, எவ்வளவு காசா இருந்தாலும். "அவங்க புது ஸ்பான்சர் யாருப்பா"ன்னு பேச்சோட பேச்சா ஒரு வார்த்தை கேட்டாலும் எடுக்காதீங்க, அவருக்கு வேண்டியது உங்க டிசைன் கிடையாது.

அவர் சரின்னு சொல்லிட்டா அப்புறம் அண்ணன்கிட்ட போங்க, நேர்ல பேசிட்டு வந்து அதையே வாட்ஸ்அப்ல டைப் பண்ணியும் போட்டுடுங்க. "அண்ணே, லீக்ல இன்னொரு டீம் ஒரு டிசைன் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். நம்ம டீம் விஷயம் எதுவும் அங்க போகாது, அவங்க விஷயமும் இங்க வராது. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க." அவ்வளவு போதும். அவர் முகம் சுளிச்சா, வேற யாருக்கும் பண்ணாம இருக்க வருஷத்துக்கு எவ்வளவு தருவீங்கன்னு கேக்குறதுக்கு அதுதான் சரியான நேரம், கேக்கறதுல ஒரு கூச்சமும் வேண்டாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டா, லோகோ ஜெர்சி வேலையை எடுக்கலாம், அது ஒருதடவை வேலை, சீசனுக்கு முன்னாடி முடிஞ்சிடும். ஆனா அவங்க சோஷியல் மீடியாவையும் சேத்து எடுக்காதீங்க, ரெண்டு பக்கமும் சம்மதிச்சாலும் எடுக்காதீங்க. இந்த ரெண்டு டீமும் மோதுற ராத்திரியை யோசிச்சுப் பாருங்க, கடைசி பால் போட்ட உடனே ஒருத்தருக்கு வெற்றி போஸ்டர் போகணும், இன்னொருத்தருக்கு "மீண்டு வருவோம்"னு ஒண்ணு போகணும், ரெண்டு குரூப்லயும் "எங்கப்பா போஸ்டர்"னு வந்து விழும், யாருக்கு முதல்ல அனுப்புவீங்க? ஒருத்தருக்குப் பத்து நிமிஷம் லேட் ஆனா அது வேணும்னே பண்ணதுன்னுதான் பேசுவாங்க.

ஃபைல் விஷயத்துலயும் கவனமா இருங்க. பழைய டீம் டெம்ப்ளேட்டைத் திறந்து கலரை மட்டும் மாத்தி வேலையை ஆரம்பிக்காதீங்க, காலி ஃபைல்ல இருந்து ஆரம்பிங்க. ஆஃப் பண்ணி வச்ச ஏதாவது ஒரு லேயர்ல பழைய ஸ்பான்சர் லோகோ அப்படியே கிடக்கும், ஓப்பன் ஃபைலை நீங்க அனுப்பினா அதுவும் சேந்து போயிடும். ரசிகர்கள் வேற, ஒரே ஃபான்ட், ஒரே மூலையில ஒரே கோடுன்னு ரெண்டு போஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஸ்டோரி போட்டுடுவாங்க. டிரைவ்ல தனி ஃபோல்டர், முடிஞ்சா தனி மெயில் ஐடியே வச்சுக்குங்க.

சட்டம் இதுல உங்க பக்கம்தான் கொஞ்சம் சாயுது. ஃப்ரீலான்ஸா பண்ற போஸ்டர், லோகோ மாதிரி கிராஃபிக் வேலைக்கு, எழுதிக் குடுக்காத வரைக்கும் பொதுவா காப்பிரைட் வரைஞ்சவருக்குத்தான், 1957 காப்பிரைட் சட்டத்தோட 17வது பிரிவு. உரிமையை மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல கையெழுத்தோட இருக்கணும், எத்தனை வருஷம்னு அதுல எழுதலன்னா 5 வருஷம்னும், எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னும் எடுத்துக்குவாங்க, இது 19வது பிரிவு. இதைப் புது ஓனருக்கும் சொல்லுங்க, லோகோன்றது அவர் வருஷக்கணக்கா வச்சுக்கப் போற சொத்து, எழுதி வாங்கிக்கிறது அவருக்கும் நல்லது. எழுதும்போது பழைய டீம் வேலை உங்ககிட்ட தொடரும்ன்றதையும் ஒரு வரி சேத்துடுங்க.

கேள்வி: அக்கா, நான் வீடியோ எடிட்டர், சென்னை. ஒரு டீமுக்கு சீசன் முழுக்க ரீல்ஸ், டிரெஸ்ஸிங் ரூம் வீடியோ எல்லாம் எடிட் பண்ணேன். அவங்க குடுத்த கான்ட்ராக்ட்ல, வேலை முடிஞ்சு 2 வருஷத்துக்கு லீக்ல வேற எந்த டீமுக்கும் வேலை செய்யக் கூடாதுன்னு இருக்கு. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப வேற டீம் கூப்பிடுது. கேஸ் போடுவாங்களா?
- வாசகர், வளசரவாக்கம்

பதில்: பயப்படாதீங்க. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 27வது பிரிவு, ஒருத்தர் தன் தொழிலைச் செய்யவிடாம தடுக்குற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாதுன்னு சொல்லுது. இதுக்கு நல்ல உதாரணம் கிரிக்கெட்லயே இருக்கு. ஜாகீர் கான் 2000ல பர்செப்ட் டி'மார்க் கம்பெனியோட மூணு வருஷ ஒப்பந்தம் போட்டார், அதுல ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் வேற கம்பெனிகிட்ட போறதுக்கு முன்னாடி எங்களுக்குத்தான் முதல் வாய்ப்பு தரணும்னு ஒரு ஷரத்து. முடிஞ்சதும் அவர் வேற கம்பெனிகிட்ட போனார், இவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, சுப்ரீம் கோர்ட் 2006ல ஒப்பந்தக் காலம் முடிஞ்ச பிறகு அந்த மாதிரி கட்டுப்பாடு செல்லாதுன்னுடுச்சு. உங்க 2 வருஷ வரி அதை விடக் கடுமையானது.

ஆனா ரெண்டு விஷயத்தை மறந்துடாதீங்க. ஒப்பந்தம் ஓடிட்டிருக்கும்போதே வேற டீமுக்குப் போகாதேன்னு சொன்னா அது செல்லும், 1967லயே சென்சுரி ஸ்பின்னிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கிட்ட விஷயம். அதனால உங்க கான்ட்ராக்ட் எந்தத் தேதியில முடியுதுன்னு எடுத்துப் பாருங்க, கடைசி மேட்ச் தேதியா, கடைசி பேமென்ட் தேதியான்னு. அடுத்தது ரகசியம் காக்குற ஷரத்து. அது வேலை முடிஞ்ச பிறகும் உங்களைக் கட்டும்.

உங்க ஹார்ட் டிஸ்க்ல டிரெஸ்ஸிங் ரூம் ரா ஃபுட்டேஜ் இருக்கும், கேப்டன் பசங்களைத் திட்டுறது, பிசியோ முழங்காலுக்கு டேப் சுத்துறது, போர்டுல எழுதின ஃபீல்டிங் பிளான் எல்லாம் அதுல இருக்கும். காசு குடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கும் போட்டோவுக்கும், வேற மாதிரி பேசிக்கலன்னா, காசு குடுத்தவங்கதான் முதல் உரிமையாளர்னு காப்பிரைட் சட்டத்தோட அதே 17வது பிரிவு சொல்லுது, அதனால இது உங்களோடது கிடையாது. எல்லாத்தையும் அவங்ககிட்ட ஒப்படைச்சுட்டு, "ஒப்படைச்சாச்சு, என்கிட்ட காப்பி இல்ல"ன்னு ஒரு மெயில் போட்டுட்டு, நிஜமாவே அழிச்சுட்டுப் போங்க. புது டீம்ல சேந்த முதல் வாரமே கோச் வந்து "அந்த லெஃப்ட் ஹேண்டருக்கு எப்படி பிளான் போட்டாங்க"ன்னு கேப்பார், கட்டாயம் கேப்பார். "சார், அதை நான் பேச முடியாது"ன்னு அன்னைக்கே சொல்லிடுங்க.

கேள்வி: அக்கா வணக்கம். நான் சிவகங்கை பக்கம், கிராமத்துப் பாட்டு எழுதுறவன். பக்கத்து ஊர் கபடி டீமுக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுத்தேன், நல்லா ஹிட் ஆகி ஊர்ல எல்லா விசேஷத்துலயும் ஓடுது. இப்ப அவங்களுக்கு எதிர் டீம் வந்து எங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க, அந்தப் பாட்டுக்குப் பதிலடி மாதிரி நாலு வரி வைங்கன்றாங்க. எழுதலாமா?

பதில்: பாட்டு எழுதுங்க, பதிலடி எழுதாதீங்க. ஒரே தையல்காரர் பொண்ணு வீட்டுக்கும் தைப்பார், மாப்பிள்ளை வீட்டுக்கும் தைப்பார், யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஆனா நீங்களே எழுதின வரியை நீங்களே காசு வாங்கிட்டுக் கேலி பண்ணா, முதல் பாட்டை நெஞ்சுல கை வச்சுப் பாடின பசங்களுக்கு எப்படி இருக்கும்? அவங்களுக்கு அது வெறும் விளம்பரப் பாட்டு இல்லல்ல. அதுக்கும் மேல ஒரு பயம் எனக்கு. கபடி மைதானத்துல ஊருக்கு ஊர் போட்டின்றது எங்க போய் முடியும்னு உங்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும், ஸ்பீக்கர்ல ஓடுற ஒரு வரி ஊரைத் தாண்டி சாதியைத் தொட்டுடும், அப்புறம் போலீஸ் வந்து மேட்சையே நிறுத்தும், எழுதினவர் யார்னும் தேடும். அந்த மாதிரி வரி கேட்டாங்கன்னா அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க.

ரெண்டாவது பாட்டை எப்படி வேற மாதிரி ஆக்குறது? முதல் பாட்டு பாடிப் போற ரெய்டரைப் பத்தி இருந்திருக்கும், பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவோம். இந்தப் பாட்டை, ரெய்டரைப் பிடிக்கிறவங்களைப் பத்தி எழுதுங்க, செயின் போட்டு நிக்கிற பசங்களைப் பத்தி யாருமே எழுதறதில்ல. "கை கோத்து நின்னா கருங்கல்லுச் செவரு, கோட்டைத் தாண்டி வந்தவன் திரும்பட்டும் பாப்போம்"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா யாரையும் திட்டாமலே எதிர் டீமுக்குச் சுருக்குன்னு இருக்கும். மெட்டையும் மாத்திடுங்க. முதல் டீம் பெரியவர் யாராவது ஒருத்தர்கிட்ட, "அவங்களுக்கும் எழுதுறேன், உங்களைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது"ன்னு முன்னாடியே சொல்லிட்டு எழுதுங்க.

இன்னொண்ணு, நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ரெண்டு டீமும் கவர்ல காசு குடுத்துட்டு "பாட்டு எங்களோடது"ன்னு சொல்லுவாங்க. ரெக்கார்ட் பண்ணி யூடியூப், ரிங்டோன்னு அதுல வருமானம் வந்தா எழுதினவருக்கு ராயல்டியில பங்கு உண்டு, 2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினப்ப வந்த உரிமை இது, வாரிசுக்கோ ஐபிஆர்எஸ் மாதிரி ராயல்டி வசூல் பண்ணித் தர்ற காப்பிரைட் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் அதை எழுதிக் குடுத்தாலும் செல்லாது. உங்களை மாதிரி ஊர்ப் பாட்டு எழுதுறவங்களுக்கு இதை யாரும் சொல்றதே இல்லன்றதுதான் எனக்கு ஆதங்கம்.

கேள்வி: பெரிய விளம்பரக் கம்பெனிங்க எல்லாம் போட்டி பிராண்டுகளுக்கு வேலை பாக்குறாங்களே, ஃப்ரீலான்ஸருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?
- விஸ்காம் மாணவி, திருச்சி

பதில்: நல்ல கேள்விம்மா. அவங்களும் ஒரே ஆளை வச்சு அதைப் பண்றதில்ல. அமெரிக்காவுல மெக்கான் எரிக்சன் கம்பெனியோட தலைவர் மரியன் ஹார்ப்பர், 1960கள் ஆரம்பத்துல இன்டர்பப்ளிக்னு ஒரு தாய்க் கம்பெனி அமைச்சு அதுக்குக் கீழ தனித்தனி ஏஜென்சிகளை வச்சார். ஒரு ஏஜென்சியில இருக்குற கிளையன்ட்டோட போட்டி பிராண்டை இன்னொரு ஏஜென்சி பாக்கும், வேற பேரு, வேற ஆபீஸ், வேற ஆளுங்க. இன்னைக்கு உலகத்துல பெரிய விளம்பரக் குழுமங்கள் எல்லாம் ஓடுறது இந்த அமைப்புலதான். நம்ம ஊர் தேர்தலையே எடுத்துக்க, 2021ல ஐபேக்ன்ற தேர்தல் ஆலோசனைக் கம்பெனி ஒரே நேரத்துல இங்க திமுகவுக்கும் வங்காளத்துல திரிணாமுலுக்கும் வேலை பாத்துச்சு, ரெண்டும் ஒரு தொகுதியில கூட எதிர் எதிரா நிக்கல, அதனால யாருக்கும் சிக்கல் இல்ல. அதே ஆளுங்க இங்கேயே ரெண்டு கட்சிக்கும் ஒரே தேர்தல்ல பாத்திருந்தா விட்டிருப்பாங்களா?

ஃப்ரீலான்ஸருக்கு இருக்குறது ஒரே தலை, அதுக்குள்ள சுவர் கட்ட முடியாது. அதனால ரெண்டாவது டீம் வேலை ஒத்துவரலன்னா நம்பிக்கையான இன்னொரு டிசைனருக்குக் கை மாத்தி விடு. அதுக்குக் கமிஷன் வாங்கினா அதையும் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடு.

கேள்வி: மேடம், என் பையன் பிளஸ் டூ படிக்கிறான், 17 வயசு. ரெண்டு கேமிங் டீமுக்கு லோகோ, பேனர் எல்லாம் பண்ணிக் குடுக்குறான். ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு ரூபா தரல. ஆனா எங்களுக்கு மட்டும்தான் பண்ணணும்னு ஆன்லைன்ல ஏதோ ஒப்பந்தம் அனுப்பி கையெழுத்துக் கேக்குறாங்க.
- ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: கையெழுத்துப் போட வேண்டாங்க. 18 வயசு ஆகாத பையன் போடுற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது, ஏற்கெனவே போட்டிருந்தாலும் அது அவனைக் கட்டாது, அதனால நீங்க பதற வேண்டாம். காசே தராதவங்களுக்கு "எங்களுக்கு மட்டும்"னு கேக்க என்ன உரிமை இருக்கு? பையனைத் திட்டாதீங்க, ரெண்டு டீம் தேடி வந்து கேக்குற அளவுக்கு வரையுறான், அது பெரிய விஷயம். மாசத்துக்கு எவ்வளவு தருவீங்கன்னு நீங்களே அந்தப் பெரிய பசங்ககிட்ட ஒரு தடவை போன்ல பேசுங்க, அம்மா பேசினாலே பாதிப் பேர் தொனி மாறிடும். காசு கைக்கு வர்ற வரைக்கும் லோகோவோட ஒரிஜினல் ஃபைலைக் குடுக்காம, சின்ன சைஸ் படமா மட்டும் அனுப்பச் சொல்லுங்க.